பழைய கப் விமானத்துக்கு இராணுவ உபரி இறக்கை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1946ஆம் ஆண்டு பைப்பர் ஜே-3 கப் வைத்திருக்கிறேன். தரையிறங்கும்போது கிரவுண்ட் லூப் ஆகி (விமானம் தரையில் சட்டென்று சுழன்று) இடது இறக்கை நொறுங்கிவிட்டது. போர்க்கால எல்-4 விமானத்தின் இறக்கை ஒன்று, பிரிக்காத இராணுவ உபரிச் சரக்காக, விலைக்கு வந்திருக்கிறது. 'ரெண்டும் ஒரே விமானம்தான், அப்படியே மாட்டலாம்' என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: அவர் சொல்வதில் முதல் பாதி சரி. எல்-4 என்பது ஜே-3தான். லாக் ஹேவன் ஆலையில் அதே ஜிக்குகளில் கட்டி, ஆலிவ் பச்சை அடித்து, பின்னால் கண்ணாடியைக் கூட்டி இராணுவத்துக்குக் கொடுத்தார்கள். முதலில் ஓ-59 என்று பெயர், 1942இல் எல்-4 ஆனது. 35 அடி 3 அங்குல அகலம், 178.5 சதுர அடிப் பரப்பு, யுஎஸ்ஏ 35பி என்ற இறக்கை வடிவம் எல்லாம் ஒன்றே.

'அப்படியே மாட்டலாம்' என்பதில்தான் சிக்கல். போர்க்கால எல்-4 இறக்கைகளில் பெரும்பாலும் மர ஸ்பார் (இறக்கையின் நீளவாட்டில் ஓடும் முதுகெலும்பு). போருக்குப் பின் வந்த ஜே-3களில் அலுமினிய ஸ்பார். உங்களுடையது 1946 என்பதால் வலது இறக்கையில் அலுமினியம் இருக்க வாய்ப்பு அதிகம். வெளியே துணி போர்த்தியிருக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இறக்கையின் அடிப்பக்க, அதாவது பாடியோடு சேரும் முனையின், ஃபேரிங் (மூடு) தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தால் ஸ்பாரின் முனை நேராகவே தெரியும். மரம் என்றால் கனமான பலகை, அலுமினியம் என்றால் நடுவில் மெலிந்த ஐ வடிவம்.

ஒரு பக்கம் மரம், மறுபக்கம் உலோகம் என்று மாட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இறக்கையைப் பாடியிலிருந்து சாய்வாகத் தாங்கும் ஸ்ட்ரட்டைப் பிடிக்கும் ஃபிட்டிங், அதன் போல்ட் நீளம், இறக்கைக்கு வடிவம் தரும் ரிப்பை ஸ்பாரோடு இணைக்கும் விதம் எல்லாமே மாறும். எடை இரண்டு பக்கமும் சமமாக இருக்காது. அடுத்த ஆய்வில் எந்தப் பக்கம் எதைத் தேட வேண்டும் என்பதும் குழம்பும். ஸ்பார் வகை பொருந்தாவிட்டால் ஜோடியாக வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

வாங்கும் முன் டேப்பும் காலிப்பரும் எடுத்துப் போய் மூன்று அளவு எடுக்க வேண்டும். ஒன்று, அடிப்பக்கத்தில் முன் ஸ்பார் போல்ட் துளையின் மையத்திலிருந்து பின் ஸ்பார் போல்ட் துளையின் மையம் வரை. இரண்டு, அடிப்பக்க முன் துளையிலிருந்து முன் ஸ்ட்ரட் ஃபிட்டிங்கின் துளை வரை. மூன்று, இதே அளவு பின் ஸ்பாரில். உங்கள் நல்ல வலது இறக்கையில் இதே மூன்றையும் எடுத்து ஒப்பிடுங்கள். முதல் அளவு தப்பினால் பாடியில் உட்காராது, உடனே தெரிந்துவிடும். மற்ற இரண்டும் தப்பினால் எப்படியோ உட்கார்ந்துவிடும். பிறகு ரிக்கிங் பண்ணும்போது (இறக்கையின் கோணங்களைச் சரிசெய்யும்போது), ஸ்ட்ரட் முனையில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபோர்க், மறை (திருகுப் புரி) எல்லை வரை போய் நிற்கும்.

துளைகளின் வட்டத்தையும் பாருங்கள். நீள்வட்டமாகத் தேய்ந்த துளையில் பெரிய போல்ட்டைத் தட்டிச் செருகும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட விவரம் கையில் இல்லாமல் துளையைப் பெரிதாக்கும் ரீமர் வைக்கக் கூடாது.

இன்னொன்றைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். கிரவுண்ட் லூப்பில் இறக்கை முனை தரையைத் தட்டும்போது அந்த அடி இறக்கையோடு நிற்காது. ஸ்ட்ரட் வழியாகக் கீழ் ஃபிட்டிங்குக்கும், ஸ்பார் வழியாகக் கேபின் மேல்குழாய்களுக்கும் போகும். புது இறக்கையை மாட்டும் முன் பாடியின் நான்கு ஃபிட்டிங்குகளையும் பெயிண்ட் சுரண்டி, வெல்டிங் ஓரங்களில் டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயத் திரவம்) போட்டுப் பார்க்க வேண்டும். வலது இறக்கையைத் தொடவே இல்லை என்றாலும் அதன் ஸ்பாரையும் பாருங்கள்.

கேள்வி: மர ஸ்பாரில் என்ன பார்ப்பது? பல பத்தாண்டுகள் கிடங்கில் கிடந்த மரத்தை நம்பலாமா?

பதில்: காய்ந்த இடத்தில், நேராகத் தாங்கி வைத்த சிட்கா ஸ்ப்ரூஸ் மரம் வயதானதால் மட்டும் கெடுவதில்லை. அதைக் கெடுப்பவை ஈரம், அடி, ஆணி, பசை. வயதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டு இந்த நான்கையும் தேடுங்கள்.

அடிபட்டதன் அடையாளம் அமுக்க விரிசல். மரநாருக்குக் குறுக்கே, மயிரிழை போல ஓடும். பெரும்பாலும் ஸ்ட்ரட் ஃபிட்டிங் ஓரத்திலும், மரத்தின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் பிளைவுட் பட்டை முடியும் இடத்திலும் இருக்கும். நேராக டார்ச் அடித்தால் தெரியாது. டார்ச்சை ஸ்பாரோடு ஒட்டி, மேற்பரப்பைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி சாய்த்து அடித்தால் ஒரு மெல்லிய நிழல்கோடு விழும். பழைய வார்னிஷின் வெடிப்பும் இதே போலத் தெரியும். அந்த இடத்தில் வார்னிஷை மட்டும் சுரண்டிப் பாருங்கள். கோடு மரத்துக்குள்ளும் தொடர்ந்தால் அந்த ஸ்பார் முடிந்தது. அமுக்க விரிசலுக்குப் பசை ஊற்றிச் சரிசெய்வது என்று ஒன்று கிடையாது.

நார் போகும் திசையிலேயே ஓடும் நீள விரிசல் வேறு வகை. ரிப்பை ஸ்பாரில் ஆணியடித்து நிறுத்தியிருந்தால் ஆணித்துளைகளிலிருந்து கிளம்பும். அடிப்பக்க ஃபிட்டிங் போல்ட் துளைகளிலிருந்தும் வரும். மரம் சுருங்கி விரியும்போது உலோகத் தகடு கூடச் சுருங்காததால் வருவது இது.

பிளைவுட் பட்டை ஸ்பாரோடு ஒட்டியிருக்கும் விளிம்பில் மெல்லிய ஃபீலர் கேஜைச் (இடைவெளி அளக்கும் உலோகத் தகட்டை) செருகிப் பாருங்கள், உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. அக்காலத்தில் பரவலாக இருந்த கேசின் பசை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். இன்று எந்த விமானப் பழுதுக்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் 43.13-1பி கையேட்டின் நிலை. ஒட்டு வேலைக்கு ரிசார்சினால், அல்லது அந்த வேலைக்கு ஒப்புதல் பெற்ற எபாக்சி போதும்.

ஈரமானியின் முள்ளை ஸ்பாரில் ஃபிட்டிங்குக்குப் பக்கத்திலும் நடுவிலும் குத்துங்கள். 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஃபிட்டிங்குக்கு அடியில் மட்டும் அதிகம் காட்டினால் ஃபிட்டிங்கைக் கழற்றியே ஆக வேண்டும். போல்ட்டைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் துரு மரத்துக்குள் இறங்கிவிட்டது என்று பொருள்.

ஸ்பாரை வெட்டி ஒட்டலாமா என்று அடுத்த கேள்வி வரும். ஒட்டலாம், ஒட்டும் சாய்வு குறைந்தது 10க்கு 1 இருக்க வேண்டும், ஒரு ஸ்பாரில் இரண்டு ஒட்டுக்கு மேல் கூடாது. ஆனால் இறக்கையின் அடிப்பக்க ஃபிட்டிங்குக்கு அடியிலும் ஸ்ட்ரட் ஃபிட்டிங்குக்கு அடியிலும் ஒட்டு வரவே கூடாது. கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் அவையே என்பதால் நடைமுறையில் முழு ஸ்பாரையும் மாற்றுவதில் முடிகிறது. புது மரம் எடுக்கும்போது நார் சாய்வு 15க்கு 1ஐத் தாண்டாததாகப் பார்த்து எடுங்கள்.

கேள்வி: அலுமினிய ஸ்பார் இறக்கை என்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லைதானே?

பதில்: தொல்லை இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அலுமினிய ஸ்பாரின் முதல் எதிரி எலி. கிடங்கில் இறக்கைக்குள் கூடு கட்டி, அடித்தோல் துணிமேல் நார்க்குப்பையைக் குவித்து, அதிலேயே மூத்திரம் பெய்யும். அந்தக் குப்பை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்பாரின் கீழ் விளிம்பையும் ரிப்பின் கீழ்ப் பட்டையையும் தின்றுவிடும். போரோஸ்கோப்பை இன்ஸ்பெக்ஷன் துளையில் விட்டு ஒவ்வொரு ரிப் இடைவெளியாகப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் அந்தப் பகுதித் துணியைக் கிழிக்காமல் விலை பேசக் கூடாது.

இரண்டாவது இடம் ஸ்டீல் ஃபிட்டிங் அலுமினிய ஸ்பாரோடு உராயும் பரப்பு. இரண்டு உலோகம், இடையில் ஈரம். அலுமினியம்தான் அரிபடும். ஃபிட்டிங் விளிம்பைச் சுற்றி உப்பலாகத் தெரிந்தாலோ, அலுமினியம் அடுக்கடுக்காகப் பிரிந்தாலோ அது உலோகத்துக்குள் ஊடுருவிய அரிப்பு. மேலே தேய்த்து பிரைமர் அடித்து மறைக்கிற காரியம் அல்ல.

ரிப்கள் ரிவெட் அடித்த மெல்லிய அலுமினியப் பட்டைகள். அவற்றில் சின்னச் சின்ன உடைசல் இருந்தால் பயப்பட வேண்டாம். புது ரிப் கிடைக்கும். வரைபடம் கிடைத்தால், தயாரிப்பில் உரிமையாளரே பங்கெடுத்துச் செய்துகொள்ளவும் அமெரிக்க விதி 21.9 இடம் தருகிறது.

கேள்வி: இறக்கையோடு பழைய ஸ்ட்ரட் நான்கும் சேர்த்துத் தருகிறார்கள். என் ஸ்ட்ரட்டில் ஒன்று வளைந்துவிட்டது. அதற்கு இதைப் போடலாமா?

பதில்: அந்த நான்கையும் சுவரில் மாட்டிவைக்கலாம், விமானத்தில் வேண்டாம். காரணம் இதுதான். பழைய பைப்பர் ஸ்ட்ரட்டின் உள்புறம் திறந்தது. ஈரம் உள்ளே புகுந்து கீழ் முனைக்கு இறங்கி, உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். ஸ்ட்ரட் போனால் இறக்கை போகும். அதனால்தான் எஃப்.ஏ.ஏ. 2015-08-04 என்ற எண்ணுள்ள கட்டாய உத்தரவைப் போட்டிருக்கிறது. இது 1993லிருந்து வந்த பழைய உத்தரவுகளின் தொடர்ச்சி.

அந்த உத்தரவின்படி, பழைய வகை ஸ்ட்ரட்டை 24 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். மால் துணிச் சோதனைக் கருவியின் முனையை ஸ்ட்ரட்டின் கீழ்ப்பகுதியில் வரிசையாக வைத்து 80 என்ற அளவு காட்டும் வரை அழுத்துவது ஒரு முறை, அல்ட்ராசானிக் இன்னொன்று. அழுத்தும்போது குழி விழுந்தால் அந்த ஸ்ட்ரட் குப்பைக்கு. கீழ் முனை ஃபோர்க்கின் மறைகளில் விரிசல் தேடும் சோதனை தனி. அதை ஸ்ட்ரட் சோதனையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உள்ளே சீல் செய்து வரும் புது ஸ்ட்ரட் வாங்கினால் திரும்பத் திரும்ப ஸ்ட்ரட்டைச் சோதிக்கும் வேலை ஒழியும், ஆனால் ஃபோர்க் வேலை ஒழியாது. ஸ்ட்ரட்டில் 'மிதிக்காதே' என்ற எச்சரிக்கையும் ஒட்டியிருக்க வேண்டும்.

ஸ்ட்ரட்டை விமான மாடலுக்கு ஏற்ற பங்கு எண் பார்த்து வாங்குங்கள். ஸ்ட்ரட்டின் நடுவைத் தாங்கும் ஜூரி ஸ்ட்ரட்டை மறந்துவிட்டுப் பறக்கிறவர்களும் உண்டு. காற்று மேலிருந்து அழுத்தும்போது நீளமான ஸ்ட்ரட் நடுவில் வளையாமல் பிடிப்பது அந்தச் சின்னக் குழாய்தான்.

கேள்வி: புது இறக்கை மாட்டிய பிறகு விமானம் இடப்பக்கம் சாய்ந்தே பறக்கிறது. ஸ்டிக்கை எப்போதும் வலப்பக்கம் பிடித்திருக்க வேண்டியிருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: தப்பு மூன்று இடத்தில் ஒன்றில் இருக்கும்: இறக்கை துணி போர்த்தும் முன்பே கோணலாக இருந்தது, மாட்டும்போது வரிசை தவறியது, அல்லது ரிக்கிங் முடிக்கவில்லை. கடைசியிலிருந்து தொடங்குவது மலிவு.

முதலில் விமானத்தை வாலைத் தூக்கி, முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் ஸ்பிரிட் லெவல் காட்டும்படி நிறுத்துங்கள். காற்றே இல்லாத ஹேங்கரில் செய்யுங்கள். டயர் காற்றும் இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். முன் ஸ்ட்ரட்டின் நீளம் டைஹெட்ரலை, அதாவது இறக்கை மேல்நோக்கிச் சாயும் அளவை முடிவுசெய்கிறது. அது இரு பக்கமும் சமமா என்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் கட்டிப் பாருங்கள். அது சரியானால்தான் அடுத்த வேலை. பின் ஸ்ட்ரட்டின் நீளம் வாஷ்அவுட்டை முடிவுசெய்கிறது, அதாவது இறக்கை முனை எவ்வளவு தாழ்ந்த கோணத்தில் முறுக்கியிருக்கிறது என்பதை. உங்கள் மாடலின் ரிக்கிங் தாளில் சொன்ன ரிப்பின் கீழே, சொன்ன நீளமுள்ள லெவலை, சொன்ன தடிமனுள்ள கட்டையோடு வைத்து அளக்க வேண்டும். வேறொரு மாடலின் அளவைக் கேட்டு வந்து பயன்படுத்தாதீர்கள்.

இடப்பக்கம் கனமாக இருந்தால் இடது பின் ஸ்ட்ரட்டைக் கொஞ்சம் குட்டையாக்குங்கள். பின் ஸ்பார் கீழே இறங்கும், கோணம் கூடும், அந்த இறக்கை தூக்கும். வலது பின் ஸ்ட்ரட்டை நீட்டினாலும் அதே பலன், ஆனால் அந்தப் பக்கம் தூக்கல் குறைவதால் வரும் பலன். தொழிற்சாலை அளவிலிருந்து எந்தப் பக்கம் விலகியிருக்கிறதோ அந்தப் பக்கத்தைத் தொடுவதுதான் முறை.

வேலை செய்யும்போது இறக்கை முனையைத் தாங்கி நிறுத்திவிட்டு, பின் ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டை மட்டும் கழற்றி, ஃபோர்க்கை அரைச் சுற்றாகத் திருப்புங்கள். முன் ஸ்ட்ரட் போல்ட்டை இந்தச் சமயத்தில் தொடவே கூடாது. ஒவ்வொரு முறையும் சோதனைத் துளையில் கம்பி விட்டு, ஃபோர்க்கின் மறை துளையைத் தாண்டி உள்ளே பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கம்பி நுழைந்தால் மறை போதவில்லை.

ஃபோர்க் எல்லை வரை வந்தும் சாய்வு நிற்கவில்லையென்றால் இறக்கையே கோணல். உபரி இறக்கைகளில் இதுதான் அதிகம், ஏனென்றால் பல ஆண்டுகள் ஒரு மூலையில் சாய்த்து வைத்திருப்பார்கள். துணியைக் கழற்றி, உள்ளே குறுக்காக ஓடும் டிராக், ஆன்டி-டிராக் கம்பிகளைச் சரிசெய்வது ஒன்றே வழி. ஸ்பார்களை இரண்டு சமமட்டக் கட்டைகளில் கிடத்தி, அடிப்பக்க முதல் கட்டத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் டிராமல் (மூலைவிட்டம் அளக்கும்) கம்பியால் அளந்து, 1/32 அங்குலத்துக்குள் சமமாகும் வரை முறுக்க வேண்டும். ஒரு கட்டத்தை முறுக்கினால் அடுத்தது கொஞ்சம் நகரும், அதனால் முடித்ததும் முதல் கட்டத்துக்குத் திரும்பி மறுபடி பாருங்கள். கம்பி தளர்ந்தும் இருக்கக் கூடாது, ரிப்பை இழுத்து வளைக்கும் அளவுக்கு முறுகியும் இருக்கக் கூடாது.

மாட்டும் வரிசை பற்றியும் ஒரு வார்த்தை. முனையில் ஒருவர், நடுவில் ஒருவர், அடிப்பக்கத்தில் ஒருவர் என மூன்று பேர் வேண்டும். அடிப்பக்க முன் போல்ட், பின் போல்ட் இரண்டையும் தளர்வாகச் செருகி, பிறகு முன் ஸ்ட்ரட், பின் ஸ்ட்ரட் மாட்டி, ரிக்கிங் முடிந்த பிறகுதான் நட்டுகளை இறுக்கி காட்டர் பின் போட வேண்டும். முதலிலேயே இறுக்கினால் ஃபிட்டிங்கும் ஸ்பாரும் முறுகிக் கிடக்கும். மரம் என்றால் நட்டை இறுக்குவதிலும் கணக்கு வேண்டும். மரம் நசுங்கினால் போல்ட் பிறகு தளரும்.

எல்லாம் முடிந்ததும் ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளி, இடது ஐலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) மேலே போகிறதா என்று வெளியே இன்னொருவர் நின்று பார்த்துச் சொல்லட்டும். கேபிள் மாறி மாட்டுவது இந்த வேலையில் உயிரை வாங்கும் தப்பு. பழைய இறக்கையோடு வந்த கேபிளின் மேல் பருத்தித் துணியால் வருடிப் பாருங்கள், இழை அறுந்த இடத்தில் துணி மாட்டும். புல்லி மேல் வளையும் இடத்தில்தான் அதிகம் அறுகிறது.

கேள்வி: உபரி இறக்கையில் போர்த்தியிருக்கும் பருத்தித் துணி இன்னும் விறைப்பாகத்தான் இருக்கிறது. அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: விறைப்பு துணிமேல் அடிக்கும் டோப் என்ற பூச்சினுடையது, பலம் துணியினுடையது. 43.13-1பி கணக்கில் ஜே-3 போன்ற மென்மையான இறக்கைச் சுமையுள்ள விமானத்துக்கு, அதாவது சதுர அடிக்கு 9 பவுண்டுக்குள், மணிக்கு 160 மைல் வேக எல்லைக்குள் இருப்பதற்கு, நடுத்தரப் பருத்தித் துணி போதும். அதன் புதுப் பலம் அங்குலத்துக்கு 65 பவுண்டு, 46க்குக் கீழே போனால் பறக்கத் தகுதி போச்சு. ஜே-3இன் உச்ச எடை 1,220 பவுண்டை 178.5 சதுர அடியால் வகுத்தால் 6.8 பவுண்டு சுற்றி வரும். கனமான கிரேடு ஏ துணி போட்டிருந்தாலும் உங்களுக்கான எல்லை அதே 46தான். கிரேடு ஏ தேவைப்படும் விமானங்களுக்கு 80 புதுசு, 56 எல்லை.

ஆனால் இந்த எண்ணைக் காட்டித் துணியை வைத்துக்கொள்ள நினைப்பது சிக்கனம் அல்ல. துணியைக் கழற்றாமல் ஸ்பாரைப் பார்க்க முடியாது. ஸ்பாரைப் பார்க்காமல் மாட்டக் கூடாது. கழற்றி, உள்ளே வார்னிஷ் அல்லது பிரைமர் அடித்து, ஒப்புதல் பெற்ற பாலியஸ்டர் துணியில் போர்த்துங்கள். பழைய நைட்ரேட் டோப் படிந்த துணிச் சுருளை வெல்டிங் நடக்கிற அறையில் போடாதீர்கள், நெருப்பு பற்றினால் அணைக்க நேரம் கிடைக்காது.

கேள்வி: எல்-21பி இராணுவ விமானத்தின் ஃபிளாப் வைத்த இறக்கை ஜோடி கிடைத்தால், ஜே-3இல் மாட்டி எடை எல்லையை உயர்த்தலாமா? இரண்டு டேங்கும் இருக்கிறதே!

பதில்: எல்-21பி என்பது பைப்பரின் பிஏ-18-135 சூப்பர் கப். ஆசைப்படுவதற்குக் காரணம் உண்டு, இறக்கை வடிவம்கூட அதே யுஎஸ்ஏ 35பிதான். ஆனால் எடை எல்லை இறக்கை மட்டும் தாங்குவது அல்ல. ஸ்ட்ரட், பாடி ஃபிட்டிங், கேபின் குழாய்கள், தரையிறங்கு கால்கள், வால் எல்லாம் சேர்ந்து தாங்குவது. அதே சூப்பர் கப் வரிசையின் பிஏ-18-150 பறக்கும் 1,750 பவுண்டு அந்த விமானம் முழுமைக்கும் கொடுத்தது. ஜே-3 பாடிமேல் அதே இறக்கையை வைத்தாலும் 1,220 பவுண்டு 1,220தான், தனி ஒப்புதல் வாங்கும் வரை.

டேங்க் கணக்கைப் பாருங்கள். இரண்டு 18 கேலன் டேங்கை நிரப்பினால் 36 கேலன், கேலனுக்கு 6 பவுண்டு வீதம் 216 பவுண்டு. ஜே-3இன் 12 கேலன் டேங்கில் 72 பவுண்டுதான். வெற்று எடை 765 பவுண்டு என்று வைத்தால் மிச்சம் 455. அதில் 216 பெட்ரோலுக்குப் போனால் 239 பவுண்டு. ஒருவர், ஒரு பை, அவ்வளவே. ஃபிளாப், டேங்க், குழாய்களின் எடையை இன்னும் சேர்க்கவே இல்லை.

அதோடு ஜே-3 பாடியில் ஃபிளாப் லீவர் இல்லை, கேபிளுக்குப் புல்லி பிராக்கெட் இல்லை, இறக்கை டேங்கிலிருந்து வரும் குழாய்க்குச் செலக்டர் இல்லை. இவை ஒவ்வொன்றும் தனி மாற்றம், ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் பெற்ற விவரம் வேண்டும். இதற்குச் செலவழிக்கும் நேரத்தில் சூப்பர் கப்பே கட்டிவிடலாம் என்பது எங்கள் கணிப்பு.

கேள்வி: இறக்கை மாற்றினால் என்னென்ன காகிதம் வேண்டும்? மஞ்சள் டேக் இருக்கிறது என்கிறார்கள்.

பதில்: இராணுவத்தின் மஞ்சள் டேக் 'பயன்படுத்தத் தக்கது' என்று இராணுவம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. எஃப்.ஏ.ஏ.வின் தகுதிச் சான்று 8130-3 என்ற படிவம். உபரிச் சரக்கில் அது பெரும்பாலும் இருக்காது. அப்போது இறக்கையில் பதிந்த பங்கு எண்ணை வைத்து, அது உங்கள் மாடலின் பங்குப் பட்டியலில் இருக்கிறதா என்று மாட்டும் மெக்கானிக்கே தீர்மானித்துப் பொறுப்பேற்க வேண்டும்.

அதே பங்கு எண் இறக்கையை, பழுதேதும் செய்யாமல் மாட்டினால் லாக்புக் பதிவு போதும். துணி மாற்றினாலும் ஸ்பாரை ஒட்டினாலும் அது பெரும் பழுது. 337 படிவம் நிரப்பி, ஆய்வு அதிகாரம் பெற்ற மெக்கானிக் கையெழுத்திட வேண்டும். ஒரு பிரதி உங்களுக்கு, இன்னொன்று மீண்டும் பறக்க ஒப்புதல் தந்த 48 மணி நேரத்துக்குள் ஓக்லஹோமா சிட்டிக்குப் போக வேண்டும். வேறு மாடல் இறக்கை என்றால் அது பெரும் மாற்றம், உங்கள் விமான மாடலுக்குப் பொருந்தும் துணை வகைச்சான்றோ எஃப்.ஏ.ஏ.வின் களஒப்புதலோ இல்லாமல் கையெழுத்து விழாது. எதுவாக இருந்தாலும் விமானத்தை மறுபடி எடைபோட்டு, மையப்புள்ளிக் கணக்கைப் புதுப்பியுங்கள். பழைய எடைத்தாளில் பேனாவால் திருத்துவது ஏற்கப்படாது.

கேள்வி: இராணுவ எல்-2எம் டெய்லர்கிராஃப்ட் இறக்கையை என் சிவில் டெய்லர்கிராஃப்ட் பிசி-12டியில் போடலாமா?

பதில்: வேண்டாம். எல்-2எம் இறக்கையில் ஸ்பாய்லர்கள் (தூக்கலைக் குறைக்கும் தகடுகள்) இருக்கின்றன. விமானிக்கு மேலே பார்க்க வசதியாக அடிப்பக்கப் பின்விளிம்பும் வெட்டப்பட்டிருக்கிறது. எல்-2 குடும்பத்தின் வகைச்சான்று (மாடலுக்கான எஃப்.ஏ.ஏ. ஒப்புதல்) ஏ-746, பிசி-12டியினுடையது ஏ-696. சேர்த்து மாட்டினால் இரண்டு சான்றிலும் சேராத விமானம் கிடைக்கும். ஆனால் அதில் உள்ள ரிப், கம்பி, ஐலரான் ஹிஞ்ச் போன்ற சில்லறைப் பாகங்கள் பங்கு எண் பார்த்து எடுக்கத் தக்கவை.

கேள்வி: ஏரோன்கா 7ஏசிக்கு இராணுவ ஏரோன்கா எல்-16 இறக்கையைப் போடலாமா?

பதில்: இரண்டும் ஒரே ஏ-759 சான்றின் கீழ் வருகின்றன, ஆகவே பேச்சுக்கு இடமுண்டு. ஆனால் எல்-16ஏ சிவில் பெயரில் 7பிசிஎம், எல்-16பி 7சிசிஎம். அந்தச் சான்றில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி. உங்கள் 7ஏசி பத்தியில் அந்த இறக்கையின் பங்கு எண் வருகிறதா என்று பாருங்கள். மர ஸ்பார் என்பதால் எஃப்.ஏ.ஏ.வின் 2000-25-02 உத்தரவையும் படித்து, உங்கள் எஞ்சினுக்கும் விபத்து வரலாற்றுக்கும் எது பொருந்துகிறது என்று மெக்கானிக்கோடு உட்கார்ந்து முடிவெடுங்கள்.

கேள்வி: டைகர் மாத் என்ற இரட்டை அடுக்கு இறக்கை விமானத்தின் உபரி இறக்கைகள் ஒரு செட் இருக்கின்றன. அவற்றை டிஎச்.60 மாத்தில் போட முடியுமா?

பதில்: முடியாது. டைகர் மாத்தில் முன் இருக்கையில் இருப்பவர் பாராசூட்டோடு வெளியேற வசதியாக மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னே நகர்த்தி, பின் ஸ்பாரைக் குட்டையாக்கி இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். டிஎச்.60இன் நேர் இறக்கைக்கு இருக்கும் ஃபிட்டிங்கில் அது உட்காராது. உட்கார வைத்தாலும் தூக்கலின் மையம் பின்னே போகும்.

அந்த செட்டை டைகர் மாத்தில் போடும் எண்ணம் இருந்தால், இறக்கையைவிடப் பாடியின் குறுக்கே ஓடும் டை ராடுகளை முதலில் பாருங்கள். கீழ் இறக்கையின் சுமை அவற்றின் வழியாகத்தான் பாடியைக் கடக்கிறது. 2013 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஒரு டைகர் மாத்தின் இறக்கைகள் பறக்கும்போதே பிரிந்த விபத்தில் அந்த ராடுகள் உலோகச் சோர்வில் விரிசல் விட்டிருந்தது விசாரணையில் தெரிந்தது. ராடுகளை ஆயுள் கணக்குப்படி மாற்றிய பதிவு லாக்புக்கில் இல்லையென்றால் புதுசாகவே மாற்றுங்கள், பங்கு எண்ணோடு மூலச் சான்றையும் கேட்டு வாங்குங்கள்.